ஒட்டியவன் தோள் முதலில்

எங்கள் பக்கத்துத் துப்பாக்கி சுடும் சங்கத்திலிருந்து போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். துப்பாக்கியில் தோளில் வைக்கிற மரப்பாகம் இருக்கிறதே, அந்த லேமினேட் கட்டையைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு பத்துக் குறிப்பு போதுமாம். பத்துக் குறிப்பு வேண்டுமென்றால் செல்போனைத் தட்டினால் கொட்டுகிறது, அதற்கு எதற்குப் பொழிச்சலூர் வரைக்கும் பெட்ரோலை எரித்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். பையன்கள் நல்ல பையன்கள், சிரித்துவிட்டார்கள். போகிற போக்கில் ஒருவன் மட்டும், "லேமினேட்டுன்னா விரிசலே விடாது இல்ல சார்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆகவே தம்பிகளே, குறிப்பு கிறிப்பு எதுவும் கிடையாது. விரிசல் விட்ட ஒரு கட்டையின் கதை இருக்கிறது. போட்டால் போடுங்கள், போடாவிட்டால் போங்கள்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. பெயர் ஏழுமலை. பிறந்தது அனகாபுத்தூர். வீட்டில் தறி, அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடினேன். அங்கே ஆயுதம் பழுது பார்க்கும் பிரிவில் தள்ளினார்கள். தறிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவன் காலமெல்லாம் வெடிச் சத்தத்தில் உட்கார்ந்தேன், தலையெழுத்தைப் பாருங்கள். பட்டாளத்தை விட்டு வந்ததும் மேற்குத் தாம்பரத்தில் காதர் பாயின் பட்டறையில் சேர்ந்தேன். லைசென்ஸ் உள்ள பட்டறை. எஸ்டேட்காரர்கள், வங்கிக் காவலர்கள், போட்டிக்குச் சுடுகிறவர்கள் என்று எல்லாருடைய துப்பாக்கியும் அங்கே வரும். ஓய்வு பெறும் வரை எனக்கு அதுதான் வேலை. இரும்பு வேலையும் செய்தேன், ஆனால் பாய் என்னை மர வேலைக்குத்தான் வைத்துக்கொண்டார்.

காதர் பாய் பல்லாவரத்துக்காரர். ஒல்லியான ஆள், தாடி மட்டும் கனம். யாரையும் திட்டமாட்டார். திட்டினால்தான் தேவலாம் என்று எங்களுக்கு இருக்கும். வேலையை முடித்து அவர் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒரு ஒற்றை ரூபாய்க் காசை எடுத்துக் கட்டையின் மேல் அங்கங்கே தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மழுங்கிப்போகும். பிறகு துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போய்க் கை கழுவுவார். பாய் கை கழுவப் போனால், வேலையை முதலிலிருந்து செய் என்று அர்த்தம். கழுவாமல் டீ சொன்னால் பாஸ். நான் சேர்ந்த முதல் வருடம் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டாலே மறுபடி உளியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பழுது பார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க மற்ற இடங்களில் மரச் சட்டகத்தில் கட்டி, கயிற்றால் இழுத்து வெடிப்பார்கள். பாய் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். கட்டையை எவன் ஒட்டினானோ அவன்தான் அதைத் தன் தோளில் வைத்து முதல் குண்டைச் சுட வேண்டும். "ஒட்னவன் தோளு மொதல்ல, வாங்கினவன் தோளு அப்பால" என்பார். கயிறு கட்டிச் சுடுகிறவனுக்குப் பசை போடும்போது கை நடுங்காது, அதனால் ஒழுங்காகவும் போடமாட்டான் என்பது அவர் கணக்கு.

டில்லி என்று என்னோடு ஒருத்தன் இருந்தான். கை வேலையில் சூரன். ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கிக்குக் கட்டை ஒட்டி, மெருகு போட்டு, கண்ணாடி மாதிரி கொடுத்தான். பாய் காசால் தட்டினார், டீயும் சொல்லிவிட்டார். சுடப் போன இடத்தில் டில்லி தோள் வலி என்றான், இன்றைக்கு விரதம் என்றான், கடைசியில் அண்ணா நீ ஒரு தபா சுட்டுடேன் என்று என்னிடமே வந்தான். பாய் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறைக்குத் திரும்பியதும் அந்தக் கட்டையை அவரே வெந்நீரில் போட்டுப் பிரித்தார். உள்ளே பாதி இடத்தில் பசையே இல்லை. டில்லி மறுநாள் வேலைக்கு வரவில்லை. வராமல் இருந்ததே நல்லது என்றுதான் எனக்கும் பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, தாம்பரத்தில் பாலத்துக்கு ரோட்டைத் தோண்டிப்போட்டு எல்லாரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்த சமயம். ஐப்பசி மழை வேறு. அப்போதுதான் சேலையூர் சுந்தரம் சார் யானை சுடுகிற தன் நானூற்று ஐம்பத்தெட்டு நம்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

சுந்தரம் சார் மலையில் தேயிலைத் தோட்ட மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நெட்டை, பேச்சு நிதானம். காட்டோரத்தில் யானை மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்து, பிடிக்கவும் முடியாமல், விரட்டவும் முடியாமல் போனால், சில மாநில வனத்துறைகள் சுடுவதற்கு அனுமதி கொடுத்து இவரைப் போன்றவர்களைக் கூப்பிடும். கூலிக்காகப் போகிறவர் அல்ல அவர். போய்வந்த பிறகு ஒரு மாதம் கறி தொடமாட்டார் என்று கேள்வி. அவருடைய துப்பாக்கி வெளிநாட்டுச் சரக்கு. தோட்டா என் நடுவிரல் நீளம் இருக்கும். சுட்டால் கழுதை உதைத்த மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். நான் கழுதையிடம் உதை வாங்கியதில்லை, ஆனால் இந்தத் துப்பாக்கியிடம் வாங்கியிருக்கிறேன். கழுதையே தேவலாம் என்றுதான் தோன்றியது.

அதன் கட்டை லேமினேட். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கிப் பசையேற்றி, அழுத்தி ஒரே பலகையாக்கி, அதிலிருந்து கடைந்து எடுப்பது. மழைக்கு வீங்காது, வெயிலுக்கு முறுக்காது. அவ்வளவுதான் அதன் பெருமை. விரிசல் விடாது என்று எவன் சொன்னான்? சுந்தரம் சாருடைய கட்டையில் கழுத்துப் பகுதியில், அதாவது வலது கை பிடிக்கிற ஒடுக்கமான இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடி, ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குத் தாவி, ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. கட்டையைப் பிடித்து லேசாக முறுக்கினால் அந்தக் கோடு வாயைத் திறந்து மூடியது.

வடக்கே ஒரு மாநிலத்தில் ஒற்றை யானை ஒன்று ஊர் ஊராக ஆட்களைக் கொன்றுகொண்டிருப்பதாகவும், சாயங்காலம் ஆனால் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிப் படுப்பதாகவும் சொன்னார். அடுத்த வாரக் கடைசியில் அவருக்கு ரயில். அதற்குள் வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உறுத்தியது.

"மேலோட்டமா ஒட்டிக் குடுத்தா போதும் ஏழுமலை. உள்ள எதையும் கழட்ட வேண்டாம். குறி மாறிடும்."

கழட்டாமல் எப்படி சார் ஒட்டுவது, காயத்தைப் பார்க்காமல் கட்டுப் போடச் சொல்கிறீர்களே என்றேன். பாய் குறுக்கே வந்து, பார்த்துச் செய்கிறோம் சார், குறியை நாங்கள் சரி பண்ணித் தருகிறோம் என்று மரியாதையாக முடித்துவிட்டார். சுந்தரம் சார் வாசல் வரை போய்த் திரும்பினார். முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முடியாவிட்டால் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு இதையேதான் எடுத்துப்போவேன் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்படிச் செய்யக்கூடிய ஆள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த மாதிரித் துப்பாக்கியில் கழுத்து உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் குண்டுக்குப் பிறகு கையில் இருப்பது இரண்டு துண்டு. இரண்டாவது குண்டு கிடையாது. எதிரே யானை நிற்கிறது.

அவர் போனதும் திருகுகளைக் கழற்றி இரும்பை, அதாவது குழலும் விசையும் சேர்ந்த பாகத்தை, கட்டையிலிருந்து தூக்கினோம். இரும்பின் அடிப்பக்கம் பல் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அது கட்டைக்குள் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, பள்ளத்தின் பின்சுவரில் அழுந்தி உட்கார வேண்டும். சுடும்போது வருகிற உதை முழுவதையும் அந்தப் பல்தான் கட்டைக்குக் கொடுக்கிறது. பல் சரியாக அழுந்தாவிட்டால் இரும்பு மொத்தமும் பின்னால் நகரும். அப்போது அதன் வால்முனை ஆப்பு மாதிரிக் கட்டையின் கழுத்தில் இறங்கும். கழுத்தில் விரிசல் கண்டால் நான் முதலில் பார்ப்பது பல்லைத்தான்.

பள்ளத்துக்குள் பல்லுக்குப் பின்னால் கறுப்பாக என்னமோ அப்பியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். சைக்கிள் டியூப். ஒழுங்காக அளவெடுத்து, இரண்டாக மடித்து, பசை போட்டுச் செருகியிருந்தது. கைப்பழக்கம் உள்ளவர் செய்த வேலை. நான் பாயைப் பார்த்தேன்.

"இத்த அவரே வெச்சிக்கினாரா பாய்?"

பாய் அந்த ரப்பர்த் துண்டை வாங்கி மோந்து பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு வைத்தது என்பது புரிந்துபோயிற்று. உதையைத் தாங்க ஒரு மெத்தை போட்டிருக்கிறார். அது உதையைத் துளியும் குறைக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பை உள்ளே ஆடவிட்டுக் கட்டையைத்தான் பிளக்கும். வேறு யாராவது செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். ஆனால் இத்தனை வருடம் துப்பாக்கி தூக்கிய சுந்தரம் சாருக்கு இது தெரியாதா? தெரிந்தும் செய்யும்படி அவருக்கு என்ன வந்தது என்றுதான் விளங்கவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெயையும் அழுக்கையும் அசிட்டோன் விட்டு விட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. கோடு எங்கே முடிகிறதோ அங்கே ஊசித் துளை போட்டேன், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. கட்டையை மெல்ல வளைத்து வாயைத் திறக்கவைத்து, எபாக்ஸிப் பசையை விளக்கு வெப்பத்தில் தண்ணியாக்கி உள்ளே இறக்கினேன். ஊதி ஊதி இறக்க வேண்டும். மறுபக்கம் துளைவழியே பசை எட்டிப் பார்த்தால்தான் உள்ளே நிரம்பியதாக அர்த்தம். பிறகு இறுகச் சுற்றிக் கட்டினேன். மழை ஈரத்தில் பசை காயவே இல்லை. குண்டு பல்பை எரியவிட்டு, மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகும். போகும்போதெல்லாம் சூடு ஆறாமல் இருக்கச் சாக்கைப் போட்டு மூடுவேன். காய்ந்ததும் கழுத்தின் குறுக்கே ஒரு எஃகு ஆணி இறக்கினேன். பல் உட்காரும் பள்ளத்தில் இரும்புத்தூள் கலந்த எபாக்ஸியை இட்டு, பல்லின் மேல் ஒட்டாமலிருக்க மெழுகு தடவி, இரும்பை இறக்கி உட்காரவைத்தேன். எடுத்துப் பார்த்தபோது பல்லின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. என் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

பாய் காசால் தட்டினார். நெடுநேரம் தட்டினார். பிறகு டீ சொன்னார்.

மறுநாள் மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தபோது ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். சுந்தரம் சாரின் மனைவி, மங்கை டீச்சர். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் அக்கா மகளுக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் முகம் தெரியும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டார். கட்டையைச் சரி செய்ய முடியாது என்று அவரிடம் சொல்லிவிட முடியுமா?

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ராத்திரி பகலாகப் பல்பு எரித்து முடித்து வைத்திருக்கிறேன், முடியாது என்று சொல் என்றால்? டீச்சர், ஊரில் எல்லார் வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதில் ஆபத்தும் இருக்கத்தான் செய்யும் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அவர் அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"ஆபத்துக்குப் பயந்து வரலைண்ணா. அதுக்குன்னா கல்யாணம் ஆன வருஷமே வந்திருப்பேன். அவருக்கு வலது கண்ணுல விழித்திரை கிழிஞ்சு லேசர் வெச்சு ஒட்டியிருக்கு. தலை அதிரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பைக் கூட ஓட்டக் கூடாதாம். இது யாருக்கும் தெரியாது. என்னையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ரப்பர்த் துண்டு ஏன் அங்கே வந்தது என்று அந்த நொடியில் புரிந்தது. கண்ணுக்கு மெத்தை போட்டிருக்கிறார் மனுஷன். பயன்படாது என்று தெரிந்திருந்தும், அது கொஞ்சமாவது தாங்காதா என்ற நப்பாசை. எனக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அதற்குப் பதில் பயம் வந்தது. அந்தக் கண்ணால்தான் அவர் குறி பார்க்க வேண்டும். முதல் குண்டோடு கண் போனால்? அவர் தனியாகவும் போகமாட்டார். தடம் பார்க்கிற ஆட்கள் இரண்டு பேர் கூடவே நடப்பார்கள். அவர் கையை நம்பித்தான் அவர்கள் அந்த யானைக்குக் கிட்டத்தில் போவார்கள்.

பாய் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முடியவில்லை என்று சொல்லிவிடலாம் பாய், ஒரு பொய்தானே என்றேன். பாய் நாற்காலியில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொல்லலாம். சொன்னா கம்பி சுத்திக்கினு போவாரு. இன்னொர்த்தன்கிட்ட குடுத்து ஒட்டிப்பாரு. அவன் ரப்பர எடுக்க மாட்டான். கண்ணும் பூடும், கட்டையும் பூடும். கட்டையப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன் ஏழுமலை. கண்ணப் பத்தி அவரையே கேப்பேன்."

எனக்கு அது சரியென்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஊருக்குத் தெற்கே கல்குவாரி ஓரத்தில் அப்போது ஒரு சுடுதளம் இருந்தது. ரயிலுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் மூவரும் அங்கே போனோம். சுந்தரம் சாரின் காரில்தான் போனோம், ஆனால் ஓட்டியது நான். நீயே ஓட்டு ஏழுமலை என்று சாவியைக் கொடுத்தார். முன்னால் என்றால் அதைக் கவனித்திருக்கமாட்டேன். மழை விட்டிருந்தது. குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

சட்டப்படி முதலில் நான். மணல் மூட்டையில் முழங்கையை ஊன்றி, தோளில் அழுத்திப் பிடித்து, மூச்சை விட்டுச் சுட்டேன். என் வாயில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. உடனே கட்டையைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. பாய் வாங்கிக் காசால் தட்டினார். முறுக்கிப் பார்த்தார். கோடு வாயைத் திறக்கவில்லை. குறியும் நல்ல இடத்தில் இருந்தது. சுந்தரம் சார் முகத்தில் சிரிப்பு. கையை நீட்டினார்.

பாய் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த ரப்பர்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இந்த வேல செய்ற ஆளு நீங்க இல்ல. இன்னாத்துக்கு வெச்சீங்க?"

வயசாகிவிட்டது பாய், தோள் தாங்கவில்லை என்றார் சுந்தரம் சார். பாய் அவர் கண்ணையே பார்த்தார். சுந்தரம் சார் என் பக்கம் திரும்பினார்.

"மங்கை வந்தாளா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் முகம் சிவந்தது. லேசர் வைத்தாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று வேகமாகப் பேசினார். அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கண் வலிக்கிறது, வரமாட்டேன் என்று தந்தி அடிக்கச் சொல்கிறீர்களா என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் எனக்கு அடக்க முடியவில்லை.

"உங்க கண்ணு உங்க இஷ்டம் சார். உங்கள நம்பி ரெண்டு பேரு பக்கத்துல நடந்து வரப்போறானுங்களே, அவனுங்களாண்ட சொல்லிட்டீங்களா?"

அவர் குவாரித் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் எல்லை மீறிவிட்டேனோ என்று பாயைப் பார்த்தேன், பாய் தரையைப் பார்த்தார். பிறகு சுந்தரம் சார் திரும்பி, நிதானமாக, ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரிப் பேசினார்.

"நீ ஒட்டின கட்டையை நீ சுட்டுப் பார்த்துத்தானே என்கிட்ட குடுக்கறே? டாக்டர் ஒட்டின கண்ணை நானும் சுட்டுப் பார்க்கறேன். இங்க நின்னுதுன்னா அங்க நிக்கும். நிக்கலைன்னா நான் போகலை."

நான் சேர்ந்த நாளிலிருந்து பாய் அந்தச் சட்டத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு விட்டார். "வேணாம் சார். நம்ம ரூல்ஸு கட்டைக்கி மட்டுந்தான்" என்று துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டார். சுந்தரம் சார் அவர் கைகளை ஒவ்வொரு விரலாக, மரியாதையாக விலக்கினார். அவருடைய துப்பாக்கி, அவருடைய லைசென்ஸ். நாங்கள் யார் பிடுங்குவதற்கு? நான் தோட்டாப் பெட்டியை எடுத்து ஒளிக்கலாமா என்று கூட நினைத்தேன். அதற்குள் அவர் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார்.

மணல் மூட்டை வேண்டாமென்றார். காட்டில் மூட்டை ஏது என்று நின்றபடியே தோளில் ஏற்றினார். ரொம்ப நேரம் குறி பார்த்தார். அந்த நேரத்தில் முதன்முறையாக, நான் ஒட்டிய கட்டை உடைந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழநி முருகனைத்தான் வேண்டினேன்.

சுட்டார். குவாரி முழுக்கச் சத்தம் உருண்டது. அட்டையின் நடுவில் ஓட்டை. அவர் ஆடவில்லை, அசையவில்லை. போல்ட்டைத் திறந்து வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே எடுத்தார், துப்பாக்கியை மேசையில் வாய் முன்பக்கமாக வைத்தார், எல்லாம் ஒழுங்கு முறைப்படி. எனக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று பாய் பக்கம் திரும்பினேன்.

"கட்டை நின்னுதா ஏழுமலை?" என்றார் சுந்தரம் சார்.

பார்த்தேன். கழுத்தில் ஒரு மயிரிழை கூட நகரவில்லை. நின்றது சார் என்றேன்.

"நல்ல வேலை. எனக்குக் கரும்புள்ளியா கொட்டுது. மேலேர்ந்து திரை மாதிரி ஏதோ இறங்குது" என்று சொல்லிவிட்டு மேசை விளிம்பைத் தடவிப் பிடித்தார்.

திரும்பி வரும்போது வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். தலை அதிரக் கூடாது. ரோடு முழுக்கப் பாலத்துக்குத் தோண்டிய பள்ளம், மழைத் தண்ணீர், லாரி. பாய் பின்சீட்டில் உட்கார்ந்து சுந்தரம் சாரின் தலையைத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தன் உடம்பைத் தூக்கித் தூக்கி அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டார். வாயில் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவனெல்லாம் திட்டினான். திட்டிக்கொள் என்று விட்டேன். தாம்பரத்துக்குள் நுழைந்ததும் ஒரு டெலிபோன் பூத்தில் இறங்கி டீச்சரின் பள்ளிக்குப் போன் போட்டேன்.

அப்புறம் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழல் தெரியும், அவ்வளவுதான் மிஞ்சியது. அந்த யானைக்கு வேறு ஒருவரை வரவழைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்தப் புது ஆள் அங்கே போவதற்குள் யானை இன்னும் ஒருவரைக் கொன்றுவிட்டது. சுந்தரம் சார் அந்தச் செய்தியைத்தான் தாங்கமாட்டாமல் இருந்தார். கண்ணைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பாய் ஒரு மூலையில் நின்றார். நான் சுவரோரம் பெஞ்சு பக்கத்தில் நின்றேன். மங்கை டீச்சர் வந்தார். புடவை முந்தானையில் இன்னும் சாக்பீஸ் தூள். அவர் என்ன கேட்டாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்வது என்று தயாராக இருந்தேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேனே அண்ணா என்று கேட்டால்? நல்லாச் சுட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றா சொல்வது?

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சுட்டப்போ பக்கத்துல யார் இருந்தீங்க?"

"நானும் பாயுந்தாம்மா."

அவர் தலையை ஆட்டினார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஏதோ ஒரு காட்டுலேர்ந்து எனக்கு ஒரு போன் வரும்னு இருந்தேண்ணா" என்றார். "தாம்பரத்துலேர்ந்து வந்துது."

சொல்லிவிட்டு, அவர் அன்றைக்கு முதல் தடவையாக அழுதார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டு, உட்காருங்கண்ணா, எவ்வளவு நேரம் நிப்பீங்க என்றார்.